டப்பா விக்கிற தம்பிக்கு

இன்னா தம்பி, ஷெல்ஃபுல மஞ்சள் டப்பா, சிவப்பு டப்பா, பச்சை டப்பான்னு வரிசை கட்டி நிக்குது! கண்ணு பட்டுடப் போவுது. தண்டலத்துல ஹைவே ஓரமா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மெடிக்கல் காலேஜும் இன்ஜினியரிங் காலேஜும் கூப்பிடு தூரம். இருங்காட்டுக்கோட்டைக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் கம்பெனி பஸ்ஸு ராத்திரி பகலா ஓடுது. லேப்டாப் பை மாட்டாத தோளு இந்த ரோட்டுல கம்மி. ரிப்பேருக்கு வர்றவங்க தலையில கூடவே ஒரு ஆன்டிவைரஸ் டப்பாவையும் கட்டிவிட்டா நாலு காசு நிக்கும்னு யாரோ உனக்குச் சொல்லியிருக்காங்க. சொன்னவரு டிஸ்ட்ரிபியூட்டர் ஆளாத்தான் இருப்பாரு. அவருக்கும் டார்கெட் இருக்குமே, பாவம்.

நல்ல யோசனைதான். நானும் என் பங்குக்கு நாலு வழி சொல்லித் தரேன். ஏர் ஓட்டினவனுக்கு கம்ப்யூட்டரப் பத்தி இன்னா தெரியும்னு நெனைக்காதே. பேத்தி இன்ஜினியரிங் படிக்குது. ராத்திரியில அது சத்தம் போட்டுப் படிக்கும், நான் கயித்துக்கட்டில்ல படுத்துக்கிட்டு காதை மட்டும் திறந்து வச்சிருப்பேன். பகல்ல உன் கடை ஸ்டூல்ல உக்காந்துகிட்டு கண்ணை மட்டும் திறந்து வச்சிருக்கேன். கல்வி இப்படியும் வரும்.

முதல்ல பயமுறுத்தக் கத்துக்கோ. மெஷின் கைக்கு வந்ததும் பேசிடாதே. திருப்பிப் பாரு, தட்டிப் பாரு, சார்ஜர் எங்கன்னு கேளு. அப்பால ஒரு ‘ப்ச்’. அந்த ஒரு ‘ப்ச்’சுக்கே 200 ரூபா பெறும். “இன்னா சார் ஆச்சு?”ன்னு கேப்பாங்க. வாயைத் திறக்காதே. ஸ்கேனை ஓடவிட்டு திரையை அவங்க பக்கம் திருப்பி வை. பச்சைக் கோடு ஓடற வரைக்கும் எவனும் பர்ஸைத் திறக்கமாட்டான். சிவப்புல எண்ணிக்கை ஏறணும். வெப்சைட்டுங்க ஆளை அடையாளம் வச்சுக்கப் போட்டுட்டுப் போற குக்கீ இருக்குதே, அதையும் சேர்த்து ‘த்ரெட்’னு எண்ணிக் காட்டற சாஃப்ட்வேரும் உண்டு. அதைப் போயி விளக்கிக்கிட்டு நிக்காதே. கஸ்டமருக்கு விளங்கிடுச்சுன்னா வியாபாரம் படுத்துடும்.

இதை நீதான் கண்டுபிடிச்சேன்னு காலரைத் தூக்கிக்காதே. உனக்கு முன்னாடியே குருமார் இருந்திருக்காங்க. அமெரிக்காவுல ஆபீஸ் டிப்போன்னு ஊருக்கு ஊரு கடை. 2009லேர்ந்து 2016 வரைக்கும் அங்க ‘பி.சி. ஹெல்த் செக்’னு ஒரு பரிசோதனை நடந்துச்சு. ஆரம்பத்துல நாலு கேள்வி கேப்பாங்க. மெஷின் ஸ்லோவா, வைரஸ் எச்சரிக்கை வருதா, அடிக்கடி நின்னு போவுதா, விளம்பரம் குதிக்குதான்னு. ஒண்ணுக்கு ‘ஆமா’ன்னு டிக் விழுந்தாலே போதும். மெஷினுக்குள்ள இன்னா இருந்தாலும் சரி, ஒண்ணுமே இல்லன்னாலும் சரி, கடைசியில மால்வேர் அறிகுறி இருக்குதுன்னு வந்துடும். சரி பண்ண 300 டாலர் வரைக்கும் தீட்டினாங்க. 2016ல சியாட்டல்ல ஒரு டி.வி. சேனல்காரங்க, அப்பதான் பெட்டியைப் பிரிச்ச புத்தம் புது கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாத்தாங்க. அதுக்கும் நோய்னு சீட்டு வந்துச்சு. பொறந்த அன்னிக்கே சர்க்கரை வியாதின்னு சொன்ன டாக்டரை நீ கேள்விப்பட்டிருக்கியா? 2019 மார்ச்சுல ஃபெடரல் டிரேட் கமிஷன் கணக்கைத் தீத்துச்சு. கடை கட்டினது இரண்டரைக் கோடி டாலர், சாஃப்ட்வேர் செஞ்சு கொடுத்த சப்போர்ட் டாட் காம் கட்டினது 1 கோடி டாலர்.

உனக்கு அவ்வளவு வராது, பயப்படாதே. உனக்கெல்லாம் டீக்கடை பெஞ்சுதான் கமிஷன். அங்க பேரு அடிபட்டா அப்பீலும் கிடையாது.

இன்னொண்ணும் சொல்றேன். இந்தப் பக்கமெல்லாம் கம்பெனி வர்றதுக்கு முன்னாடி நெல்லு நின்ன பூமி. பயிர்ல புகையான் பூச்சி விழுந்தா தூரைப் புடுங்கிக்கிட்டுப் பூச்சி மருந்துக் கடைக்கு ஓடுவோம். கடைக்காரரு தூரைப் பாக்கமாட்டாரு, ஷெல்ஃபைப் பாப்பாரு. எந்த பாட்டில் தேங்கிக் கிடக்குதோ அதுதான் அந்த நோய்க்கு மருந்து. அடிச்சா புகையானைத் திங்கிற சிலந்தியும் சேர்ந்து சாவும்; அடுத்த வாரம் புகையான் இன்னும் ஜாஸ்தியா வரும்; மறுபடியும் அதே கடை. வேளாண்மை ஆபீசர் ஒருத்தர் வயலுக்கு வந்து பாத்துட்டு, “தண்ணியை வடி, பயிரை விலக்கி காத்து வுடு, யூரியாவைக் கொட்டாதே”ன்னு சொல்லிட்டு சைக்கிள்ல போயிட்டாரு. அவருகிட்ட விக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அதனால அவரு சொன்னது வைத்தியமா இருந்துச்சு. நோயைச் சொல்றவனும் மருந்தை விக்கிறவனும் ஒரே ஆளா இருந்தா ஷெல்ஃபுதான் பேசும். உன் ஷெல்ஃபும் இப்பப் பேச ஆரம்பிச்சிருக்குது, எனக்குக் கேக்குது.

ஆனா இந்தத் தொழிலோட பூர்வீகத்தை நீ தெரிஞ்சுக்கணும். இதுல உன்னை மாதிரி கடைக்காரங்களும் இருந்திருக்காங்க. லாகூர்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருந்தாங்க பாசித், அம்ஜத்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அவங்க எழுதின சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பி எடுக்கிறவனைப் புடிக்கணும்னு 1986ல ‘பிரெயின்’னு ஒண்ணு எழுதி ஃப்ளாப்பியில விட்டாங்க. ஐ.பி.எம். பி.சி.க்கு வந்த முதல் வைரஸ் அதுதான். அதுக்குள்ளயே கடைப் பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டு, தடுப்பூசி வேணும்னா எங்களைப் பாருங்கன்னு எழுதியும் வச்சாங்க. நோயும் நோட்டீசும் ஒரே ஃப்ளாப்பியில! உலகம் முழுக்கப் போச்சு. நீ இன்னும் விசிட்டிங் கார்டுதான் அடிச்சுக்கிட்டு இருக்கே.

அடுத்தவரு புனேயில கைலாஷ் காட்கர். பத்தாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவரு. கால்குலேட்டர், ரேடியோன்னு ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்து, அப்பால கம்ப்யூட்டருக்கு வந்தாரு. பெஞ்சுக்கு வந்த மெஷினுங்க வைரஸோட வந்துச்சுங்க. கம்ப்யூட்டர் படிச்சுக்கிட்டிருந்த தம்பி சஞ்சய், அதைத் துடைக்கச் சின்னச் சின்ன ப்ரோக்ராம் எழுதினாரு. அதுதான் 1995ல க்விக் ஹீலா வெளிய வந்துச்சு. 2016 பிப்ரவரியில ஷேர் மார்க்கெட் ஏறிடுச்சு. நம்ம சென்னையில கேசவர்த்தனன் 1991லயே கே7 ஆரம்பிச்சிட்டாரு. அதை ஜப்பான் வரைக்கும் கொண்டுபோய் வித்தாரு. நம்ம ஊரு பூட்டை ஜப்பான்காரன் நம்பி வாங்கினான்னா பெருமைதானே.

ஒண்ணு கவனிச்சியா? காட்கர் கடைக்கு நோய் முதல்ல வந்துச்சு, மருந்து பின்னாடி வந்துச்சு. உன் கடைக்கு மருந்து முதல்ல வந்து ஷெல்ஃபுல குந்திக்கிச்சு. இப்ப நோயாளி எப்ப வருவான்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்குது.

பயத்தை மொத்த விலைக்கு வித்த கதையும் ஒண்ணு இருக்குது. 1992 மார்ச் 6ஆம் தேதி, ஓவியர் மைக்கேலேஞ்சலோவோட பொறந்தநாளு. அன்னிக்கு அவரு பேருல இருக்கிற வைரஸ் முழிச்சுக்கும், 50 லட்சம் கம்ப்யூட்டர் வரைக்கும் அழிஞ்சுபோவும்னு பத்திரிகை, டி.வி. எல்லாம் ஒரே கூப்பாடு. ஆன்டிவைரஸ் பேய் வியாபாரம் ஆச்சு. விடிஞ்சு பாத்தா மாட்டினது ஆயிரக்கணக்குல. 50 லட்சத்துல மீதி எங்க போச்சுன்னு டப்பா வித்தவன் எவனும் கேக்கல. வாங்கினவனும், டப்பா வாங்கினதாலதான் தப்பிச்சோம்னு நிம்மதியாத் தூங்கினான். இந்த வியாபாரத்துல இது ஒரு சௌகரியம் தம்பி. ஒண்ணும் நடக்கலைன்னா டப்பாவோட மகிமை. ஏதாவது நடந்துட்டா, “சார், நீங்க த்ரீ யூசர் டோட்டல் செக்யூரிட்டி வாங்கியிருக்கணும்.”

எல்லாக் காலத்துலயும் டப்பா வித்தவன் பாவின்னு நான் சொல்லல. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்துல மெஷினுக்குள்ள வைரஸ் பாக்க ஆளே கிடையாது. ப்ரவுசிங் சென்டர்லயோ ஜெராக்ஸ் கடையிலயோ பென்டிரைவைச் சொருகி எடுத்தா அது குடும்பத்தோட வீட்டுக்கு வரும். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறி நிக்கும். ப்ராஜெக்ட் போச்சுன்னு காலேஜ் புள்ளைங்க அழுவும். கடைக்காரரு முதுகைத் திருப்பிக்கிட்டு ‘அட்ரிப்’னு ஒரு வரி அடிப்பாரு, ஒளிஞ்சிருந்த ஃபைல் அத்தனையும் வெளிய வரும், 300 ரூபா உள்ள போவும். அந்த வித்தைக்குக் கொடுக்கலாம். 2011 செப்டம்பர்ல கவர்மெண்டு ப்ளஸ் டூ புள்ளைங்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, அதுவரைக்கும் மெஷினே பாக்காத வீட்டுக்கெல்லாம் மெஷின் வந்துச்சு. கூடவே பென்டிரைவும் வந்துச்சு. அன்னிக்கு ஒரு டப்பா வித்திருந்தா நானே “நல்லா இரு”ன்னு சொல்லியிருப்பேன்.

காலம் அப்படியே நிக்கலையே. 2011 பிப்ரவரியில பென்டிரைவைச் சொருகினதும் தானா ஓடற ஆட்டோரன்னை மைக்ரோசாஃப்ட் அடைச்சிடுச்சு. 2012 அக்டோபர்ல விண்டோஸ் 8 வந்தப்போ டிஃபெண்டர்னு ஒரு காவலாளியை உள்ளயே சம்பளமில்லாம உக்கார வச்சுட்டாங்க. ஜெர்மனியில ஏ.வி. டெஸ்ட், ஆஸ்திரியாவுல ஏ.வி. கம்பேரடிவ்ஸ்னு ரெண்டு பரிசோதனைக் கூடம் இருக்குது. துட்டு கொடுத்து வாங்கற டப்பாங்க பக்கத்துல நின்னு டிஃபெண்டரும் நல்ல மார்க் வாங்கிக்கிட்டுத்தான் இருக்குது. இதைக் கஸ்டமர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. அவங்க வீட்டுல காவலாளி இருக்கான்னு அவங்களுக்கே தெரிஞ்சா உன் கதி இன்னாவறது?

இங்கதான் உன் கைவண்ணத்தைப் பாத்து எனக்குப் புல்லரிக்குது. ஓ.எஸ். போட 500 ரூபாங்கறே. அந்த லேப்டாப் கம்பெனியிலேர்ந்து வர்றப்பவே ஒரிஜினல் ஹோம் எடிஷனோட வந்திருக்குது. லைசென்ஸ் கீ மதர்போர்டுலயே பதிஞ்சிருக்குது. அதே ஹோமைப் போட்டு நெட்டைக் கொடுத்தா தானா ஆக்டிவேட் ஆவும். நீ ப்ரோ போட்டுத் தரேன்னு பெருமைக்குப் ப்ரோவைப் போடறே. கீ ஒத்துக்காது. திருட்டுத்தனமா லைசென்ஸ் போடற ஆக்டிவேட்டரை எடுக்கறே. டிஃபெண்டர் அதைப் பாத்ததும் திருடன் திருடன்னு கத்துது. அதை அணைச்சுப் படுக்க வச்சுட்டு, இந்த ஃபோல்டர் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதேன்னு எக்ஸ்க்ளூஷனும் போடறே. அப்பால துண்டால கையைத் துடைச்சுக்கிட்டு கஸ்டமர்கிட்ட, “சார், உங்க மெஷின்ல பாதுகாப்பே இல்ல”ங்கறே. அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது! அரிச்சந்திரன் கூட உன்கிட்ட வந்து பாடம் படிக்கணும்.

அப்பால டப்பாவைப் போடறே. 4 ஜி.பி. ராம், பழைய ஹார்டு டிஸ்க்கு. மூச்சு வாங்குது. பத்து நாள்ல, “சார், முன்னைவிட ஸ்லோவா இருக்குது”ன்னு வர்றாங்க. எஸ்.எஸ்.டி. போட்டா சரியாப்பூடும்னு அடுத்த பில்லு. உனக்கு மார்க்கெட்டிங் படிப்பு எதுக்கு?

சரி, நீ பெரிய கில்லாடின்னே வச்சுக்குவோம். டப்பாக் கம்பெனிக்காரன் உன்னைவிடக் கில்லாடி, தெரியுமா? டப்பா மேல ஒரு விலை அச்சடிச்சிருக்கான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அது வேற விலை. கஸ்டமர் கையில இருக்கிற போன்ல அது இன்னொரு விலை. நீ பேரம் பேசிக்கிட்டு இருக்கும்போதே அவங்க டேபிளுக்குக் கீழ போனை வச்சு ஆன்லைன் விலையைப் பாத்துடறாங்க. எப்படியோ தலையில கட்டிட்டே. ஒரு வருஷம் முடியறப்போ இன்னா ஆவுது? டப்பாவே திரையில எகிறிக் குதிச்சு, ‘இங்க அமுக்கி ரினியூ பண்ணுங்க’ங்குது. அவங்க அமுக்கினா துட்டு நேரா கம்பெனிக்கு. கஸ்டமரைக் கொண்டுபோய் விட்டது நீ, அடுத்த வருஷத்திலேர்ந்து உனக்கு டாட்டா. ஆனா மெஷின் படுத்துடுச்சுன்னா அவங்க கம்பெனி வாசல்ல போய் நிக்கமாட்டாங்க. “நீதானேப்பா வித்தே!”ன்னு இந்த ஸ்டூலுக்குத்தான் வருவாங்க. லாபம் ஒரு நாளைக்கு, வசவு 365 நாளைக்கு. கணக்குல நீ புலியாச்சே, கூட்டிப் பாரு.

கம்பெனிக்காரன் வித்தை இன்னும் இருக்குது. அவாஸ்ட்னு ஒரு ஆன்டிவைரஸ் இலவசமா காவல் காக்கறேன்னுச்சு. ஜனங்க எந்தெந்த வெப்சைட்டுக்குப் போறாங்கங்கற விவரத்தை ஜம்ப்ஷாட்னு ஒரு துணைக் கம்பெனி வழியா வித்தது 2020ல வெளிய வந்துச்சு. 2024ல அதே ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லுச்சு. நார்ட்டன்னு இன்னொரு ஆன்டிவைரஸ் 2021ல, உங்க மெஷின்லயே கிரிப்டோ காசு தோண்டிக்குங்கன்னு வழி பண்ணிக் கொடுத்து, அதுல 15 சதவீதம் தனக்குன்னு எடுத்துக்கிச்சு. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரௌட்ஸ்ட்ரைக்னு பெரிய இடத்துக் காவலாளி தப்பா ஒரு அப்டேட்டை அனுப்பி, 85 லட்சம் விண்டோஸ் மெஷினைப் படுக்கப் போட்டுச்சு. நம்ம ஊரு ஏர்போர்ட்டுல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. திருடன் வரவே இல்ல. காவலாளி தடுக்கி விழுந்ததுலயே அவ்வளவு சேதம். இதையெல்லாம் டப்பா பின்னாடி சின்ன எழுத்துலகூடப் போடல.

அதுக்காக வைரஸே இல்ல, எல்லாம் புளுகுன்னு நான் சொல்லப் போறேன்னு நெனைச்சா நீ ஏமாந்தே. இந்த ரோட்டுல இருக்கிறவனுக்கு அது தெரியும். 2017 மே 12ஆம் தேதி வானாக்ரைன்னு ஒண்ணு 150 நாட்டுல மெஷினுங்களைப் பூட்டிப் போட்டு 300 டாலர் கேட்டுச்சே, அதுல ஒரகடத்து ரெனோ நிசான் கார் ஆலையும் மாட்டுச்சு. நம்ம வாசல்ல நடந்த கதை. அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் டைம் இருந்துச்சு. “அப்டேட் போட்டா ஸ்லோ ஆயிடும் சார், ஆஃப் பண்ணி வச்சிடறேன்”னு சொன்ன வாயெல்லாம் அன்னிக்கு மூடிக்கிச்சு. நீயும் அப்படித்தானே ஆஃப் பண்ணிக் கொடுக்கறே?

அடுத்த வருஷம் ஆகஸ்டுல தைவான்ல டி.எஸ்.எம்.சி. சிப்பு ஃபேக்டரி. இந்த சுங்குவார்சத்திரத்துல நம்ம புள்ளைங்க பூட்டற ஐபோனுக்கு சிப்பு அங்கேர்ந்துதான் வருது. புது மெஷின் ஒண்ணைச் சரியா சோதிக்காம நெட்வொர்க்குல மாட்டினாங்க. உள்ள வானாக்ரையோட ஒரு வகை குந்திக்கிட்டு இருந்துச்சு. லைன் லைனா நின்னுபோச்சு. அவனுக்கா டப்பா வாங்கத் துட்டு இல்ல? மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தரம் பாக்கற பழக்கம் அந்த ஒரு நாள் தவறிப்போச்சு. பழக்கத்தை எந்த டப்பாவுலயும் போட்டு விக்க முடியாது.

இப்ப உன் வயித்துப்பாட்டுக்கு வருவோம். துட்டு வேணாம்னு சொல்ற சாமியாரு நான் இல்ல. வாடகை இருக்குது, இ.எம்.ஐ. இருக்குது. டப்பாவுல நிக்கிறதைவிட ஜாஸ்தியா நிக்கிற சரக்கு உன்கிட்ட இருக்குது, நீதான் அதை இனாமாக் கொடுத்துட்டு டப்பாவுக்குக் காசு வாங்கறே. வாசல்ல ஒரு போர்டு மாட்டு: ‘மெஷின் பாதுகாப்பு சரிபார்ப்பு 400 ரூபாய்’. அந்த 400க்கு இன்னா பண்ணுவே? அப்டேட்டை ஓட்டி முடிப்பே. டிஃபெண்டர் முழிச்சுக்கிட்டு இருக்குதான்னு பாத்து, கஸ்டமருக்கும் காட்டுவே. தினப்படி வேலைக்கு அட்மின் இல்லாத தனி யூசர் ஒண்ணு போட்டுக் கொடுப்பே. யாரும் கேக்காம வந்து குந்தியிருக்கிற ப்ரோக்ராமைத் தூக்குவே. மூலையில ‘வைரஸ்! வைரஸ்!’னு குதிக்குதுன்னு பதறிக்கிட்டு வர்றாங்களே, அதுல நிறைய கேஸு, குரோம்ல என்னிக்கோ ‘அலோ’ அமுக்கினதால வர்ற நோட்டிஃபிகேஷன்தான். செட்டிங்குல போய் எடுத்துவிட ரெண்டு நிமிஷம். எடுத்துவிட்டு, இதான் விஷயம்னு சொல்லு. அந்த ஆளு ஏழு ஜென்மத்துக்கும் வேற கடைக்குப் போவமாட்டான்.

வர்ற ஆளைப் பாத்து வைத்தியம் சொல்லு. காலேஜ் புள்ளைக்கு விண்டோஸ் 11ஓட வந்த புது லேப்டாப்பா, ஒண்ணும் விக்காதே. படம் டவுன்லோடு பண்ற இடத்துல ‘கிராக்’ ஃபைலைத் தொடாதேன்னு ஒரு அதட்டு போடு, போதும். விண்டோஸ் 10ஓட பழைய மெஷினா? 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. பதிஞ்சுக்கிட்டவங்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். அதைப் பதிஞ்சு கொடு, அதுக்குள்ள மாத்தறதுக்கு வழி பண்ணச் சொல்லு. ஓட்டைக்கு அப்டேட் நின்னுபோன மெஷின் மேல டப்பாவை ஒட்டிட்டு, இனிமே கவலை இல்லன்னு அனுப்பாதே.

ஒரகடம் பக்கத்துல பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்றாங்களே, லேத்து, பிரஸ் ஷாப்புக்காரங்க, அவங்கதான் உன் நிஜமான கஸ்டமருங்க. அங்க சி.என்.சி.க்குப் பக்கத்துல எக்ஸ்.பி. மெஷின் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும். அதுக்கு நெட்டைக் கொடுக்காதேன்னு சொல்லு. ப்ரோக்ராம் ஏத்தற பென்டிரைவை வேற மெஷின்ல ஸ்கேன் பண்ணிட்டு அப்பால சொருகச் சொல்லு. டேலி கணக்கு டேட்டாவை தினம் காப்பி எடுக்க வழி பண்ணு. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எந்நேரமும் சொருகியே வச்சிருந்தா பூட்டறவன் அதையும் சேர்த்துப் பூட்டிடுவான். காப்பி எடுத்ததும் கழட்டி பீரோவுல வைக்கச் சொல்லு. மாசத்துக்கு ஒரு நாள் அந்தக் காப்பியைத் திறந்து, உசுரோட இருக்குதான்னு பாரு. வருஷ கான்ட்ராக்ட் போட்டுக்கோ. பத்துப் பதினஞ்சு மெஷினு, கண்டதை அமுக்கற ஆளுங்க, ஒரே இடத்திலேர்ந்து எல்லாத்தையும் கண்காணிக்கணும்னா, அங்க பிசினஸ் எடிஷன் டப்பாவையும் வித்துக்கோ. அது தேவைக்கு விக்கிறது. விக்கிறப்போ, “இதுல எனக்கு இவ்வளவு நிக்குது சார்”னு வாயைத் திறந்து சொல்லிடு. சொல்ல வாய் வரலைன்னா அந்த லாபம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

ஹாஸ்டல்ல தங்கி கம்பெனி வேலைக்குப் போற பொண்ணுங்க வரும். அதுங்ககிட்ட லேப்டாப் இருக்காது, போன்தான். கல்யாணப் பத்திரிகைன்னும் டிராஃபிக் சலான்னும் வாட்ஸ்அப்புல ஏ.பி.கே. ஃபைல் வருது, அமுக்கினா ஓ.டி.பி. எல்லாம் வேற எவனுக்கோ போவுது. அதுங்க தலையில மொபைல் செக்யூரிட்டியைக் கட்டாதே. ப்ளே ஸ்டோருக்கு வெளியேர்ந்து எதையும் ஏத்தாதீங்க, துட்டு போயிடுச்சுன்னா உடனே 1930க்கு அடிங்கன்னு ஒரு சீட்டுல எழுதி கல்லாப்பெட்டி மேல ஒட்டி வை. இதுக்குக் காசு வாங்காதே. அதுங்க ரூம்ல எட்டுப் பேரு இருப்பாங்க, எட்டு பேருக்கும் உன் கடை பேரு தெரிஞ்சிடும். விளம்பரத்துக்கு நான் சொல்ற வழி இது. லாகூர்க்காரங்க வழியைவிடக் கொஞ்சம் கண்ணியம்.

இவ்வளவு சொன்னேனே, இதெல்லாம் ஞாபகம் வச்சுக்கறது கஷ்டம்னு மூஞ்சியைச் சுளிக்காதே. ஒரே ஒரு விஷயம் இருக்குது, அதை வச்சுக்கிட்டா மத்தது தானா வரும். நீ பில்லு போடற அந்த மெஷின் இருக்குதே, கல்லாவுக்குப் பக்கத்துல. உன் பேங்கு, உன் ஜி.எஸ்.டி., உன் பொண்டாட்டி நகைக்கடன் கணக்கு எல்லாம் அதுலதான். இந்த ஸ்டூல்லேர்ந்து பாத்தா அதோட திரை நல்லாத் தெரியுது. ஷெல்ஃபுல இத்தனை கலர் டப்பா இருக்குதே, அதுல ஒண்ணுகூட அந்த மெஷினுக்குள்ள இல்ல. டிஃபெண்டர்தான் ஓடுது, அப்டேட்டும் ஒழுங்கா ஓடுது, டிஸ்க்கைக் கழட்டி டிராயர்ல வைக்கறதையும் பாத்தேன். ஆக்டிவேட்டர் வாடையே இல்ல, சொந்தக் காசு கொடுத்து ஒரிஜினல் கீ வாங்கிப் போட்டிருக்கே.

ஏன் தம்பி, அந்த மெஷினுக்கு மட்டும் நீ எவ்வளவு நல்ல வைத்தியரு! வர்றவங்களுக்கும் அதையே பண்ணு, பில்லைத் தாராளமாப் போடு.